டப்பா சார் நடத்திய 'சும்மா இரு' பரீட்சை

டப்பா சாரைப் போல உருப்படாத ஆராய்ச்சியாளர் இந்த உலகத்தில் பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கப் போவதும் இல்லை. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். அவர் ஆராய்ந்தது குழந்தைகளின் மூளையை. அதற்காக மலைமேல் கொண்டுவந்த கருவிகள் ஒரு பிஸ்கட் டப்பா, இரண்டு மரக்கரண்டி, ஒரு ஸ்டாப் வாட்ச். ஸ்டாப் வாட்ச் முதல் மழையிலேயே நின்றுவிட்டது. டப்பாவில் பிஸ்கட் இல்லை என்பது தெரிந்த அன்றைக்கே பிள்ளைகளுக்கு அவர்மேல் பாதி மரியாதை போய்விட்டது.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஒடுகத்தூர்ப் பெண். டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை கிடைத்தது. அமிர்தி வரைக்கும் பஸ். அதற்கு மேல் வனத்துறை லாரி வந்தால் லாரி, வராவிட்டால் நடை. மலைக் கிராமத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே எங்களிடம் திட்டு வாங்கிப் படித்தார்கள். ஐப்பசியில் இறங்குகிற பனிமூட்டம் தை வரைக்கும் கலையாது. துவைத்த புடவை காயாது. ஈர விறகின் புகையில் எல்லோருக்கும் எப்போதும் கண் சிவந்திருக்கும். அழுதால்கூட யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்த ஊரில் இருந்த ஒரே வசதி. நான் அந்த வசதியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

அப்படிப்பட்ட ஒரு மழைநாளில்தான் லாரியின் பின்பக்கத்திலிருந்து இவர் இறங்கினார். சென்னையில் ஏதோ ஒரு கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்குப் படிப்பதாகச் சொன்னார். முன்மண்டையில் முடியே இல்லை. அந்த வயதிலும் படித்துக்கொண்டே இருக்கிற ஆளை எங்கள் ஊரில் வேறு பேர் வைத்துக் கூப்பிடுவார்கள். இங்கே பிள்ளைகள் பரவாயில்லை, டப்பா சார் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"இந்த டப்பாவ வெச்சிக்கினு இன்னா சார் பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"டீச்சர், குழந்தைக்கு ஓடறதுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். நிக்கறதுக்குத்தான் மூளை வளரணும். கை நீளுது, வேணாம்னு தன்னைத்தானே புடிச்சுக்கணும். அந்தப் பிரேக் எந்த வயசுல வருது? பழக்கினா இன்னும் நல்லா வருமா? இதுதான் என் கேள்வி."

"அதுக்கு இவ்ளோ தூரம் மலையேறி வரணுமா சார்?"

"ஸ்கூல் பக்கமே போகாத குழந்தை, இப்பத்தான் வந்த குழந்தை, நாலு வருஷமா படிக்கற குழந்தை, எல்லாம் ஒரே இடத்துல வேற எங்க கிடைக்கும்?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பரீட்சை இதுதான். அவர் கரண்டியால் டப்பாவில் ஒரு தட்டு தட்டினால் பிள்ளையும் ஒரு தட்டு தட்ட வேண்டும். அவர் இரண்டு தட்டு தட்டினால் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கேட்கும்போது சுலபம். வேகமாகத் தட்டிக்கொண்டே வந்தால் கை தானாகப் போய்விடும். சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தட்டுவார்கள். பெரிய பிள்ளைகள் நிறுத்திக்கொள்வார்கள். நடுவில் இருப்பவர்கள் பாதி தூரம் போன கையை மற்றக் கையால் பிடித்து இழுப்பார்கள். அந்தப் பிடித்திழுப்பைப் பார்க்கும்போதெல்லாம் டப்பா சாருடைய முகத்தில் ஒரு கல்யாணக் களை வரும்.

"பாத்தீங்களா, பிரேக் முளைக்குது" என்பார்.

எங்கள் தலைமையாசிரியர் கணியம்பாடிக்காரர். வெள்ளிக்கிழமை மதியமே மலையிறங்கி, திங்கட்கிழமை மதியம் ஏறி வருகிறவர். "இது இன்னா பெரிய வித்தை, கொண்டாங்க" என்று பிள்ளைகள் முன்னால் கரண்டியை வாங்கினார். இரண்டு தட்டுக்கும் தட்டினார். மறுபடியும் தட்டினார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டப்பா சார் அதோடு விட்டிருக்கலாம். அவரோ மனிதரை நேராகப் பார்த்து, "ஆறு வயசுக் குழந்தை அளவுக்கு இருக்கீங்க சார். பழகினா சரியாயிடும்" என்றார். கிண்டல் அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது, மனசாரச் சொன்னார். அன்றைக்குத் தலைமையாசிரியர் முகம் இறுகியது, பிறகு அவரைப் பார்க்கும்போது ஒரு நாளும் தளரவில்லை.

ஊருக்கெல்லாம் பிரேக் பார்க்கிறவர் தனக்கும் பழக்க வேண்டாமா? என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணை மூடி, கையைக் கட்டி, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "சார், மணி இன்னா?" என்று கேட்டால் அவர் சொல்லும்போது அந்த மணி போயிருக்கும். அமிர்திக்கு இறங்கும் லாரிக்காரர் ஒரு தடவை "ஏறுறீங்களா சார்?" என்று கேட்டார். இவர் கண்ணை மூடினார். திறந்தபோது லாரி இரண்டு வளைவு தாண்டிவிட்டது. பொட்டி தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவர், "நல்ல பயிற்சி" என்றார்.

ஒரு நாள் டப்பாவைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய் ஓட்டுக்கூரைமேல் உட்கார்ந்து தட்டியது. கீழே நான் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருக்கிறேன். மேலே 'டொக்' என்றால் என் வகுப்பு முழுக்கப் பலகையில் ஒரு தட்டு. 'டொக் டொக்' என்றால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு சாமியார் மாதிரி உட்காருகிறார்கள். நான் கத்தினால் யார் கேட்கிறார்கள், குரங்கு சொன்னால்தான் கேட்கிறார்கள். டப்பா சார் வாசலில் நின்று அழாக்குறையாகச் சந்தோஷப்பட்டார்.

அந்த வருடம் நான் சிரித்தது அத்தோடு சரி. கார்த்திகையில் செல்லி வந்தாள்.

செல்லிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். முன்னாலேயே எங்களிடம் படித்தவள்தான், கெட்டிக்காரி. போன மாசியில் புளி உலுக்குவதற்கு மரம் ஏறி, கிளை முறிந்து, நெற்றி பாறையில் பட விழுந்துவிட்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பேச்சு இருந்தது, நடை இருந்தது, ஞாபகம்கூட இருந்தது. ஆனால் நிறுத்திக்கொள்வது என்பது மட்டும் போய்விட்டது. கண்ணில் பட்டதை எடுப்பாள். வாயில் வந்ததைப் பேசுவாள். பக்கத்துத் தட்டில் இருக்கிற களியைக் கேட்காமல் அள்ளுவாள். பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியரின் தொப்பையில் தட்டிப் பார்த்துவிட்டு "இன்னா சாரு உள்ள?" என்றாள். சிரிக்கலாம்தான். அவள் காலைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணுக்காலைச் சுற்றிக் கயிறு அறுத்த புண் இருந்தது.

கொண்டுவந்து விட்ட அப்பா வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"கட்டி வெக்காம காட்டுக்குப் போனா பாறையாண்ட போய்டுது டீச்சரு. ஆட்டுக்குட்டி ஓடுனா இதுவும் ஓடுது. முந்தாநேத்து வெளிம்புல நின்னுச்சு. ஆத்தாவும் இல்ல. சாமை அறுக்க நான் போவணும். பெத்த பொண்ண கம்பத்துல கட்டிப்புட்டுப் போனா சோறு எறங்குமா? இங்க நாலு பேரு பாத்துக்குவீங்கன்னு வந்தேன்."

தலைமையாசிரியர் பொங்கல் வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் அடங்கி இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். போனால் எங்கே போவாள் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டு வாசலில் இருக்கிற அந்தக் கம்பத்துக்குப் போவாள்.

டப்பா சார் அவளுக்குப் பரீட்சை வைத்தார். ஒரு தட்டு, இரண்டு தட்டு, எல்லாவற்றுக்கும் அடித்தாள். டப்பா நசுங்கியது. அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை, உடனே பேசினார்.

"டீச்சர், பிரேக் இருந்த இடம் அடிபட்டிருக்கு. ஆனா குழந்தை மூளை களிமண்ணு மாதிரி, இன்னும் ஈரமா இருக்கு. ஒரு வழி அடைஞ்சா இன்னொரு வழி போட்டுக்கும். நாமதான் திரும்பத் திரும்ப நடக்க வைக்கணும்."

"போடும்னு நிச்சயமா சார்?"

"நிச்சயம் இல்ல. ஆனா இப்ப விட்டா காஞ்சிடும்."

அதன் பிறகு தினமும் காலையில் புகை நடுவே டொக், டொக் டொக் என்ற சத்தம்தான். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். முதலில் ஒன்றும் மாறவில்லை. மார்கழிக் குளிரில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமிக்கொண்டே தட்டுவார், அந்த இருமலுக்கும் செல்லி ஒரு அடி அடிப்பாள். பிறகு ஒரு நாள் இரண்டு தட்டுக்கு அவள் கை பாதி தூரம் போய் நின்றது. அடுத்த நாளும் நின்றது. பொங்கலுக்குள் பத்துக்கு ஒன்பது தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு வரிசையில்கூடத் தட்டோடு நின்றாள். நான் சமையற்கட்டுப் பக்கம் போய் நின்று அழுதேன். புகை என்று சொல்லிக்கொண்டேன்.

டப்பா சார் ஆனந்தத்தில் தன் பேராசிரியருக்குக் கடிதம் போட்டுவிட்டார். அடிபட்ட மூளையில் புது வழி பிறந்துவிட்டது, நேரில் வந்து பாருங்கள் என்று. இதற்காகவாவது ஒரு தடவை கண்ணை மூடிச் சும்மா இருந்திருக்கலாம் அந்த மனுஷன்.

பேராசிரியர் மாசியில் வந்தார். கெட்டவர் இல்லை, கறாரானவர். "கூட்டம் வேண்டாம். பெண் மட்டும் உள்ளே வரட்டும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்துங்க" என்றார். டப்பா சாரும் அவரும் செல்லியும் உள்ளே போனார்கள். நான் வெளியே பிள்ளைகளோடு நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டொக், டொக். டொக் டொக், டொக். டொக் டொக், டொக். இரண்டு தட்டுக்கெல்லாம் செல்லியின் கரண்டி பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கதவு திறந்தபோது டப்பா சாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"எப்படி? நேத்துவரைக்கும் நின்னாளே" என்று அவர் யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்.

ராணி என்று ஒரு பெண், செல்லியின் வகுப்புக்காரி, சாவகாசமாகச் சொன்னாள்: "நாங்க இல்லியே சாரு. அப்புறம் எப்பிடி நிப்பா?"

"நீங்க இன்னாடி செஞ்சீங்க?" என்றேன் நான்.

"ரெண்டு தட்டு தட்டுனா நாங்க எல்லாரும் கையக் கட்டிக்குவோம் டீச்சரு. அவ எங்களப் பாத்துக் கட்டிக்குவா."

"பரீட்சையில யாரும் ஒத்தாசை பண்ணக் கூடாதும்மா" என்றார் டப்பா சார்.

ராணிக்கு அது புரியவில்லை. அங்கே சாமை அறுப்பு என்றால் இன்றைக்கு உன் காடு, நாளைக்கு என் காடு என்று ஊரே இறங்கி அறுக்கும். கைக்குழந்தைக்காரி பின்தங்கினால் பக்கத்து ஆள் அவள் வரிசையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போவாள். பிள்ளைகள் டப்பாத் தட்டுவதையும் அப்படி ஒரு வேலை என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "அவளுக்குத்தான் வரலியே சாரு. அவ வேலைய நாங்க செஞ்சோம்" என்றாள். சுற்றி நின்ற அத்தனை தலையும் ஆமாம் என்று ஆடியது. ஒரு முகத்திலும் தப்புச் செய்த களை இல்லை.

பேராசிரியர் பொறுமையாகத்தான் பேசினார். இந்தப் பெண்ணின் மூளை மாறவில்லை. இத்தனை பேர் பார்க்க எடுத்த அளவுகள் எதையும் நம்ப முடியாது. இவளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டு, நாளைக்கே என்னோடு கீழே வாருங்கள், வேறு பள்ளியில் முதலிலிருந்து ஆரம்பித்தால் பட்டம் வாங்கிவிடலாம் என்றார். தலைமையாசிரியர் அதற்கே காத்திருந்தவர்போல வெள்ளையனுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலையில் பேராசிரியர் வந்த ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. பேராசிரியர் "ஏறுங்க" என்றார். டப்பா சார் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கையைக் கட்டினார். அந்தப் பக்கம் வெள்ளையன் செல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார். டப்பா சார் கண்ணைத் திறந்தார். ஜீப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெள்ளையன் பின்னாலேயே நடந்தார். "பைத்தியமாய்யா உமக்கு" என்று தலைமையாசிரியர் கத்தினார். பெண்பிள்ளை போகிறாள், நீயும் கூடப் போய்விட்டு வா என்று என்னை விரட்டினார். விரட்டாவிட்டாலும் போயிருப்பேன்.

வழியில் அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார். "தலைக்குள்ள வழி கிடைக்கல டீச்சர். வெளியிலயாவது இருக்கட்டும்."

செல்லியின் ஊர் பாறைக்கு மேல் கொஞ்சம் வீடுகள். வாசலில் அந்தக் கம்பம், அதில் கயிறு. டப்பா சார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்து டப்பாவைத் தட்டினார். வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. ஆடு மேய்க்கிறது, தம்பியை இடுப்பில் சுமக்கிறது எல்லாம் வந்து உட்கார்ந்தது. ஒரு தட்டு, இரண்டு தட்டு. கையைக் கட்டு, செல்லியைப் பார். அவ்வளவுதான் பாடம். வெள்ளையன் நம்பவில்லை.

"வெளயாட்டுல நிப்பா சாரு. பாறையில நிப்பாளா?"

"தெரியலங்க. நானும் நேத்துத்தான் தோத்துட்டு வந்தேன்" என்றார் டப்பா சார்.

நானும் கிளம்ப மனசு வராமல் அங்கேயே தங்கிவிட்டேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எல்லோரும் மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிப் பாறைப் பக்கம் ஓடியது. செல்லி அதன் பின்னால் ஓடினாள். வெள்ளையன் எழுந்திருப்பதற்குள் அவள் பாதி தூரம் போய்விட்டாள். அப்போது தம்பியை இடுப்பில் வைத்திருந்த ஒரு பொடிசு, இரண்டு கல்லை எடுத்து டொக் டொக் என்று தட்டியது. பாறைமேலும் மரத்தடியிலும் இருந்த பிள்ளைகள் எல்லோரும் அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். செல்லி திரும்பிப் பார்த்தாள். விளிம்புக்கு இந்தப் பக்கம் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளையன் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு கம்பத்திலிருந்த கயிற்றை அவிழ்த்து வந்து, மரத்தடியில் திறந்து கிடந்த புளி மூட்டையைக் கட்டினார். டப்பா சார் அதைப் பார்த்துக்கொண்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் புளி ஓட்டுத் தூசி. கல்யாணக் களை எதுவும் இல்லை, வெறுமனே கண்ணில் தண்ணீர் வழிந்தது. அங்கே புகையும் இல்லை.

புளி முடிகிறவரைக்கும் அவர் அங்கேயே இருந்துவிட்டுத்தான் கீழே போனார். கல்லூரியில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச காலம் வேலூரில் ஒரு டுடோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்ததாகக் கேள்வி. கேள்விக்குப் பதில் சொல்ல நேரமாகிறது என்று அங்கேயும் நிற்க விடவில்லையாம். ஆளும் ஒண்டிக்கட்டை. மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார் என்று அமிர்தி பஸ்ஸில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து. அவர் பேரில் ஒரு பக்கம் எங்கேயும் அச்சாகவில்லை. உருப்படாத ஆராய்ச்சியாளர் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா.

எண்பதுகளின் கடைசியில், நான் கீழே மாற்றலாகி வந்த பிறகு, தேர்தல் வேலைக்கு என்னைச் செல்லியின் ஊருக்கே போட்டார்கள். ஓட்டுப் போடப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஓங்குதாங்காக ஒருத்தி, முன்னால் நின்ற கிழவியின் கொண்டையைப் பிடித்து இழுக்கப் போனாள். வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் பேச்சை விடாமல், போகிறபோக்கில் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவளும் கட்டிக்கொண்டாள். விரலுக்கு மை வைக்கிற வேலையை விட்டுவிட்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். பூத்தில் இருந்த மற்ற அதிகாரிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த ஊரில் யாரும் அதை விளக்குவதும் இல்லை, அது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

செல்லி என் மேசைக்கு வந்தாள். கணுக்காலில் தழும்பு மங்கியிருந்தது. விரலை நீட்டச் சொன்னால் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத்தான் வாயில் வந்ததை நிறுத்தத் தெரியாதே.

"டீச்சரு, டப்பா சாரு சாப்ட்டாரா?"

அவர் போய்ச் சேர்ந்த சேதி மலைக்கு ஏறவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"சாப்ட்டாரும்மா. நல்லா சாப்ட்டாரு" என்றேன். பொய்தான். அந்த மனுஷன் எங்கேயோ பசியோடு உட்கார்ந்திருப்பதாக நினைக்க எனக்கும் மனசு வரவில்லை.